ஒரு ஹாக்கி டீம், ஒரு மொழி, 24 கோப்பைகள்: மான்ட்ரியல் கனேடியன்ஸைப் புரிந்துகொள்வது எப்படி?

1955 மார்ச் 17. கனடாவின் மான்ட்ரியல் நகரம். ஃபோரம் அரங்கில் ஐஸ் ஹாக்கி மேட்ச் நடந்துகொண்டிருக்கிறது. முதல் பகுதி ஆட்டத்தின் நடுவே ஒருவர் உள்ளே வந்து, தன் வழக்கமான இருக்கையில் உட்கார்கிறார். அவ்வளவுதான். முட்டை, தக்காளி என்று கையில் கிடைத்ததெல்லாம் அவர் மீது பறந்து வருகின்றன. கை குலுக்குவது போல நெருங்கிய ஒருவர், அவரைத் தாக்குகிறார். கொஞ்ச நேரத்தில் அரங்குக்குள் ஒரு கண்ணீர்ப்புகைக் குண்டு வெடிக்கிறது.

மேட்ச் பாதியில் நிறுத்தப்பட்டது. வெளியேறிய கூட்டம் செயின்ட் கேத்தரின் தெருவில் இறங்கி, கடைகளின் கண்ணாடிகளை உடைத்தது, பொருட்களைச் சூறையாடியது. பல டஜன் பேர் கைதானார்கள். நள்ளிரவைத் தாண்டியும் நகரம் அடங்கவில்லை.

அடி வாங்கியவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்.எச்.எல்.லின் தலைவர். அவர் செய்த ‘குற்றம்’, ஒரு வீரரை சஸ்பெண்ட் செய்தது.

ஒரு பிளேயரை சஸ்பெண்ட் செய்ததற்கு ஊரே ஏன் பற்றி எரிய வேண்டும்? இந்தக் கேள்விக்கான பதில், மான்ட்ரியல் கனேடியன்ஸ் என்ற அணியின் வரலாற்றில் இருக்கிறது. விளையாட்டை விட மொழியும், கோப்பையை விட கௌரவமும் அதிகம் பேசப்படும் வரலாறு அது.

முதலில், சில அடிப்படைத் தகவல்கள்

• தொடங்கிய ஆண்டு: 1909. என்.எச்.எல். லீக்கே 1917-ல்தான் பிறந்தது. அதாவது, லீக்கை விட அணிக்கு வயது அதிகம்.

• ஸ்டான்லி கோப்பைகள்: 24. அடுத்த இடத்தில் இருக்கும் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸிடம் இருப்பவை 13.

• கடைசியாகக் கோப்பை வென்றது: 1993.

• சொந்த மைதானம்: பெல் சென்டர். 21,000-க்கும் அதிகமானோர் அமரலாம். என்.எச்.எல். அரங்குகளில் இதுதான் பெரியது.

• நிறங்கள்: சிவப்பு, வெள்ளை, நீலம். அந்த ஜெர்சிக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ‘புனித ஃபிளானல்’. சாமி வஸ்திரம் மாதிரி!

யாருக்காகத் தொடங்கப்பட்டது?

இதில்தான் முதல் சுவாரசியம். பிரெஞ்சு மொழி பேசுபவர்களின் அடையாளமாக இன்று பார்க்கப்படும் அணியைத் தொடங்கியவர், ஆங்கிலம் பேசும் ஒரு சுரங்க முதலாளியின் மகன்.

ஆம்ப்ரோஸ் ஓ’பிரையன் என்ற அந்த இளைஞர், ஒன்டாரியோ மாகாணத்தின் ரென்ஃப்ரூ என்ற சிற்றூரிலிருந்து வந்தவர். தன் ஊர் அணியை ஒரு லீக்கில் சேர்க்கச் சொல்லி மான்ட்ரியலுக்கு வந்தார். ‘முடியாது’ என்று அனுப்பிவிட்டார்கள். அதே நேரத்தில் மான்ட்ரியல் வாண்டரர்ஸ் என்ற அணியும் ஓரங்கட்டப்பட்டிருந்தது. அந்த அணியைச் சேர்ந்த ஜிம்மி கார்ட்னரும் ஓ’பிரையனும் வின்ட்சர் ஹோட்டலில் சந்தித்துப் பேசினார்கள். நம்மைச் சேர்க்காவிட்டால் என்ன, நாமே ஒரு லீக் தொடங்குவோம் என்று முடிவானது.

லீக் ஓட வேண்டுமானால் டிக்கெட் விற்க வேண்டும். டிக்கெட் விற்க வேண்டுமானால் போட்டி இருக்க வேண்டும். மான்ட்ரியலில் ஆங்கிலேயர்களுக்கு வாண்டரர்ஸ் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கென்று ஓர் அணி இருந்தால்? 1909 டிசம்பர் 4 அன்று அந்த அணி பிறந்தது. ஜாக் லவியோலெட்டிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பிரெஞ்சு வீரர்களைத் தேடிப்பிடித்து அணியை அமைத்தவர் அவர்தான்.

சிம்பிளாகச் சொன்னால், அணியின் தொடக்கம் ஒரு மார்க்கெட்டிங் ஐடியா. ஆனால், மக்கள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ‘இது நம்ம டீம்’ என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெயரிலேயே அரசியல் இருக்கிறதா?

இருக்கிறது. ‘கனேடியன்ஸ்’ என்றால் கனடா நாட்டுக்காரர்கள், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் 1909-ல் அந்தச் சொல்லின் பொருள் வேறு. பிரெஞ்சில் ‘கனடியான்’ என்றால், பல தலைமுறைகளாக அந்த மண்ணில் வாழும் பிரெஞ்சு மொழிக்காரர் என்றே அர்த்தம். ஆங்கிலம் பேசுபவர்களை அவர்கள் ‘ஆங்கிலேயர்’ என்றே குறிப்பிட்டார்கள். பின்னாளில் ‘கனேடியன்’ என்பது எல்லோருக்குமான சொல்லாக மாற, கியூபெக் மாகாணத்தின் பிரெஞ்சு மக்கள் தங்களை ‘கெபெக்வா’ என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அணியின் பெயர் மட்டும் பழைய பொருளைச் சுமந்துகொண்டு அப்படியே நின்றுவிட்டது.

சரி, லோகோவில் பெரிய ‘சி’ எழுத்துக்குள் ஒரு ‘எச்’ இருக்கிறதே, அதென்ன?

அணியின் ரசிகர்களும் வீரர்களும் ‘ஹேப்ஸ்’ என்று அழைக்கப்படுகிறார்கள். ‘ஆபிதான்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம் அது. பழைய நியூ பிரான்ஸ் காலத்தில் நிலத்தை உழுத குடியானவர்களைக் குறித்த சொல். அந்த ‘எச்’ இந்தக் குடியானவர்களைத்தான் குறிக்கிறது என்று 1924-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அதிபர் டெக்ஸ் ரிக்கார்ட் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை பரவிவிட்டது. ஆனால் அது தவறு. அந்த ‘எச்’, ஹாக்கிதான். ‘கிளப் டி ஹாக்கி கனடியான்’ என்பதே அணியின் முழுப்பெயர். அதற்கு முன்பு ‘கிளப் அத்லெட்டிக் கனடியான்’ என்று இருந்தபோது, அதே இடத்தில் ‘ஏ’ எழுத்து இருந்தது.

தவறான கதையிலிருந்து வந்த பட்டப்பெயர்தான். ஆனாலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. காரணம், தங்களை மண்ணின் மக்களாகப் பார்த்த ரசிகர்களுக்கு அது பொருத்தமாக இருந்தது.

தொடக்க காலம் எப்படி இருந்தது?

வெற்றியும் சோகமும் கலந்தே இருந்தது. முதல் ஸ்டான்லி கோப்பை 1916-ல் வந்தது. 1919 இறுதிப்போட்டிக்காக அணி சியாட்டில் சென்றது. அப்போது ஸ்பானிஷ் ஃபுளூ உலகை உலுக்கிக்கொண்டிருந்தது. வீரர்கள் ஒவ்வொருவராகப் படுக்கையில் விழ, இறுதிப்போட்டித் தொடரே பாதியில் ரத்தானது. கனேடியன்ஸின் ஜோ ஹால் சியாட்டிலிலேயே இறந்துபோனார். நோய் பாதித்த அணி உரிமையாளர் ஜார்ஜ் கென்னடியும் முழுமையாகத் தேறாமல் 1921-ல் காலமானார்.

கோல்கீப்பர் ஜார்ஜ் வெஸினா 1925 நவம்பரில் காய்ச்சலோடு களமிறங்கி, பாதியிலேயே வெளியேறினார். காசநோய். நான்கே மாதங்களில் மரணம். இன்றும் என்.எச்.எல்.லின் சிறந்த கோல்கீப்பருக்கான விருது அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது.

1937-ல் நட்சத்திர வீரர் ஹோவி மோரன்ஸ், மேட்ச்சில் கால் முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சில வாரங்களில் அங்கேயே இறந்தார். அவருடைய இறுதிச்சடங்கு நடந்த இடம் எது தெரியுமா? ஃபோரம் அரங்கம். அவர் விளையாடிய அதே இடத்தில் ரசிகர்கள் வரிசையில் நின்று விடைகொடுத்தார்கள்.

இதற்கிடையே மான்ட்ரியலில் ஆங்கிலேயர்களின் ஆதரவோடு இயங்கிய மரூன்ஸ் அணி, பணப் பிரச்சினையால் 1938-ல் மூடப்பட்டது. ஃபோரம் அரங்கமே முதலில் மரூன்ஸுக்காகக் கட்டப்பட்டதுதான். நகரில் மிஞ்சியது கனேடியன்ஸ் மட்டும்.

‘ராக்கெட்’ யார்?

மோரிஸ் ரிச்சர்ட். மான்ட்ரியலின் உழைக்கும் குடும்பம் ஒன்றில் 1921-ல் பிறந்தவர். ஜெர்சி எண் 9. பனித்தரையில் எதிரணி கோலை நோக்கி அவர் பாய்ந்துவரும் வேகத்தால் கிடைத்த பெயர்தான் ‘ராக்கெட்’.

1944-45 சீசனில் 50 ஆட்டங்களில் 50 கோல்கள். அதற்கு முன் யாரும் செய்யாத சாதனை. அந்த சீசனில்தான் இன்னொரு சம்பவம். 1944 டிசம்பர் 28 அன்று பகல் முழுக்க வீடு மாற்றுவதில் ஆள் களைத்துப்போயிருந்தார். சாமான் தூக்கிய கையோடு மேட்ச்சுக்கு வந்தவர், டெட்ராய்ட்டுக்கு எதிராக 5 கோல்கள் அடித்து, மேலும் 3 கோல்களுக்கு உதவினார்.

ஆனால் ரிச்சர்ட் வெறும் கோல் மெஷின் அல்ல. அக்கால கியூபெக்கின் நிலை தெரிந்தால்தான் அவர் ஏன் ஹீரோ என்பது புரியும். மாகாணத்தில் பெரும்பான்மை பிரெஞ்சுக்காரர்கள். ஆனால் வங்கிகளும், ஆலைகளும், பெரிய கம்பெனிகளின் மேல்மட்டப் பதவிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுபவர்களிடம். முதலாளியிடம் பேச ஆங்கிலம் வேண்டும். 1961-ம் ஆண்டுக் கணக்கை வைத்து ஓர் அரச ஆணையம் ஆராய்ந்தபோது, கியூபெக்கில் வாழும் இனக்குழுக்களின் வருமானப் பட்டியலில், பெரும்பான்மையினரான பிரெஞ்சுக்காரர்கள் கிட்டத்தட்ட கடைசியில் இருந்தார்கள். சொந்த மண்ணிலேயே இந்த நிலை.

இப்படிப்பட்ட சூழலில், எதிரணி வீரர்கள் எத்தனை பேர் வந்து முட்டினாலும் தள்ளிவிட்டுக் கோல் அடிக்கும் ஒரு பிரெஞ்சுக்காரர். அலுவலகத்தில் பேச முடியாததை, பனித்தரையில் அவர் செய்துகாட்டினார்.

1955-ல் நடந்தது என்ன?

மார்ச் 13 அன்று பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில், எதிரணியின் ஹால் லேகோவின் ஸ்டிக் ரிச்சர்டின் தலையைக் கிழித்தது. ஆத்திரமடைந்த ரிச்சர்ட், தன் ஸ்டிக்கால் லேகோவைத் திருப்பி அடித்தார். தடுக்கவந்த நடுவர் ஒருவரையும் குத்திவிட்டார்.

தண்டனை நிச்சயம் என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவரைத் தாக்குவது எந்தக் காலத்திலும் எந்த விளையாட்டிலும் சிறிய தவறல்ல; ரிச்சர்டுக்கு அது முதல் சம்பவமும் அல்ல. ஆனால் கேம்ப்பெல் அளித்த தண்டனை, சீசனில் மீதமிருந்த ஆட்டங்களுக்கு மட்டுமல்ல, கோப்பையைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்றுகள் அனைத்துக்கும் தடை.

இருவருக்கும் பழைய பகையும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் பத்தி எழுதிவந்த ரிச்சர்ட், அதில் கேம்ப்பெலை ‘சர்வாதிகாரி’ என்று விமர்சித்திருந்தார். மன்னிப்புக் கேட்டு, பத்தியை நிறுத்தி, நன்னடத்தைக்கு 1,000 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. எனவே, இந்தத் தடையை பிரெஞ்சு ரசிகர்கள் ஒழுங்கு நடவடிக்கையாகப் பார்க்கவில்லை. ‘ஆங்கிலேய முதலாளி நம்ம ஆளை அடக்குகிறார்’ என்றே பார்த்தார்கள்.

மிரட்டல்கள் வந்தும், வர வேண்டாம் என்று பலர் சொல்லியும், மறுநாள் கேம்ப்பெல் மேட்ச் பார்க்க வந்தார். பிறகு நடந்ததுதான் தொடக்கத்தில் பார்த்தது. ஆட்டத்தில் 4-1 என முன்னிலையில் இருந்த டெட்ராய்ட் வென்றதாக அறிவிக்கப்பட்டது.

கலவரத்தை அடக்கியது போலீஸ் மட்டுமல்ல. ரிச்சர்டே ரேடியோவில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசினார். தண்டனையை ஏற்றுக்கொள்வதாகவும், அடுத்த ஆண்டு திரும்பிவந்து கோப்பையை வெல்வதாகவும் சொல்லி, அமைதி காக்கக் கேட்டுக்கொண்டார்.

அந்த சீசனில் அதிகப் புள்ளிகள் எடுத்த வீரர் என்ற பட்டம் ஒரே ஒரு புள்ளியில் ரிச்சர்டின் கையைவிட்டுப் போனது. எடுத்தது யார்? சக வீரர் பெர்னி ஜெஃப்ரியான். அவரும் பிரெஞ்சுக்காரர்தான். ஆனாலும் சொந்த ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். ‘நம்ம ஆள்’ என்ற பாசத்தின் இன்னொரு முகம் இது.

பத்திரிகையாளர் ஆந்த்ரே லோரன்டோ சில நாட்களில் ஒரு கட்டுரை எழுதினார். கூட்டம் கோபப்பட்டது ஹாக்கிக்காக மட்டுமல்ல; நீண்டகாலமாக அடக்கிவைத்திருந்த உணர்வு வெடித்திருக்கிறது என்பது அவர் பார்வை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1960-ல் கியூபெக்கில் ‘அமைதிப் புரட்சி’ எனப்படும் சமூக, அரசியல் மாற்றம் தொடங்கியது. 1977-ல் பிரெஞ்சை மாகாணத்தின் அலுவல், வணிக, கல்வி மொழியாக நிலைநிறுத்தும் சட்டம் வந்தது. இதற்கெல்லாம் விதை அந்தக் கலவரம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. ஓர் இரவு கலவரத்துக்கு அவ்வளவு பெரிய பங்கைக் கொடுக்க முடியாது என்று மறுக்கும் வரலாற்றாளர்களும் உண்டு. ரிச்சர்ட் என்ன சொன்னார்? தான் ஒரு ஹாக்கி வீரர், அவ்வளவுதான் என்பதே அவர் நிலைப்பாடு.

களத்தில் எவ்வளவு பலம்?

சொன்னபடி ரிச்சர்ட் திரும்பிவந்தார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து கோப்பைகள். இந்தச் சாதனையை இன்றுவரை எந்த அணியும் தொடவில்லை.

அந்த அணியின் பலம் எப்படி இருந்தது என்றால், விளையாட்டின் விதியையே மாற்ற வேண்டியிருந்தது. ஐஸ் ஹாக்கியில் ஒரு வீரர் தவறு செய்தால் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்த நேரத்தில் எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல். அக்கால விதிப்படி, எத்தனை கோல் விழுந்தாலும் முழு 2 நிமிடமும் வெளியேதான். 1955 நவம்பரில் பாஸ்டனுக்கு எதிராக இரண்டு பேர் வெளியே இருந்தபோது, ஜான் பெலிவோ 44 விநாடிகளில் 3 கோல் அடித்துவிட்டார். அடுத்த சீசனிலிருந்து விதி மாறியது: ஒரு கோல் விழுந்தால், தண்டனை பெற்றவர் உடனே திரும்பலாம். இன்றும் அதுவே நடைமுறை.

பெலிவோவை அணிக்குக் கொண்டுவந்ததே தனிக்கதை. கியூபெக் நகரின் உள்ளூர் லீக்கில் நிம்மதியாக விளையாடிக்கொண்டிருந்தவர், மான்ட்ரியலுக்கு வர மறுத்துவந்தார். என்ன செய்தது கனேடியன்ஸ்? அந்த லீக்கையே 1953-ல் விலைக்கு வாங்கிவிட்டது!

கோல்கீப்பர்கள் முகமூடி அணியும் பழக்கத்துக்கும் இந்த அணியே காரணம். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில், பக் எனப்படும் ரப்பர் வட்டு முகத்தில் பட்டு ஜாக் பிளான்ட்டுக்கு ரத்தம் கொட்டியது. தையல் போட்டுக்கொண்டவர், முகமூடி இல்லாமல் களமிறங்க மாட்டேன் என்றார். ‘பயந்தாங்கொள்ளி என்பார்கள்’ என்ற காலம் அது. கோச் டோ பிளேக்குக்கும் விருப்பமில்லை. ஆனால் மாற்று கோல்கீப்பர் கையில் இல்லை. வேறு வழியின்றி அனுமதித்தார். அணி வென்றது, முகமூடி நிலைத்தது.

1970-களில் இன்னொரு பொற்காலம். ஜெனரல் மேனேஜர் சாம் போலக், 1971-ம் ஆண்டு புதுமுகத் தேர்வில் கை லாஃப்ளூர் என்ற கியூபெக் இளைஞரைக் குறிவைத்தார். முதல் வாய்ப்பு, கடைசி இடம் பிடிக்கும் அணிக்கே கிடைக்கும். முதலிடத்துக்குப் போட்டிபோடும் கனேடியன்ஸுக்கு அது எப்படிக் கிடைக்கும்? பலவீனமான கலிஃபோர்னியா அணியின் வாய்ப்பை ஓராண்டுக்கு முன்பே பேரம் பேசி வாங்கிவைத்தார் போலக். நடு சீசனில் அந்த அணியை விட லாஸ் ஏஞ்சல்ஸ் பின்தங்கிவிடுமோ என்ற நிலை வந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தன் அனுபவ வீரர் ரால்ஃப் பேக்ஸ்ட்ராமை அனுப்பினார். எதிரணியைத் தேற்றிவிடுவதற்காகவே செய்த டீல் என்று இன்றும் சிலாகித்துப் பேசப்படுகிறது. லாஃப்ளூர் வந்தார், தொடர்ந்து ஆறு சீசன்களில் 50 கோல்களைத் தொட்டார்.

அதே அணியின் கோல்கீப்பர் கென் டிரைடன், சட்டம் படித்தவர். 1973-ல் சம்பளப் பேச்சுவார்த்தையில் உடன்பாடு வராததால், ‘போதும்பா’ என்று ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டார். ஒரு சீசன் முழுக்க ஆடவில்லை. திரும்பிவந்து, மொத்தம் 8 சீசன்களில் 6 கோப்பைகள் வென்று, பின்னாளில் மத்திய அமைச்சரும் ஆனார்.

1976-77 சீசனில் 80 ஆட்டங்களில் அந்த அணி தோற்றது வெறும் 8.

கோச்சுக்கு பிரெஞ்சு தெரிய வேண்டுமா?

இந்த அணியைச் சுற்றி ஓயாமல் நடக்கும் விவாதம் இதுதான்.

1971-ல் கோச்சாக இருந்த ஆல் மெக்னீலுக்கு பிரெஞ்சு தெரியாது. இறுதிப்போட்டித் தொடரின் நடுவே தன்னை உட்காரவைத்ததால் கொதித்த ஹென்றி ரிச்சர்ட் (ராக்கெட்டின் தம்பி), கோச்சுக்குத் திறமையே இல்லை என்று பகிரங்கமாகப் பேசினார். விஷயம் மொழிப் பிரச்சினையாக வெடித்து, மெக்னீலுக்குக் கொலை மிரட்டல் வரை போனது. வேடிக்கை என்னவென்றால், கடைசி ஆட்டத்தில் சமன் செய்த கோலையும் வெற்றி கோலையும் அடித்தவர் அதே ஹென்றி ரிச்சர்ட்தான். கோப்பையை வென்றும், மெக்னீல் அந்தப் பதவியில் நீடிக்கவில்லை. கிளப்பின் இரண்டாம் நிலை அணிக்கு மாற்றப்பட்டார். அடுத்து வந்த ஸ்காட்டி போமன், மான்ட்ரியலில் பிறந்து வளர்ந்தவர். இரு மொழியும் தெரிந்தவர்.

40 ஆண்டுகள் கழித்தும் கதை மாறவில்லை. 2011 டிசம்பரில் சீசனின் நடுவே இடைக்கால கோச்சாக நியமிக்கப்பட்ட ராண்டி கன்னிவர்த்துக்கு பிரெஞ்சு தெரியாது என்றதும் பெல் சென்டர் வாசலில் போராட்டம் நடந்தது. மாகாண அமைச்சர் வரை கருத்துச் சொன்னார்கள். நிரந்தர கோச்சுக்கு பிரெஞ்சு பேசத் தெரிவது முக்கியம் என்று அணி உரிமையாளர் ஜெஃப் மோல்சன் அறிக்கை விட வேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து பார்த்தால், ‘ஜெயிச்சா போதாதா, கோச் எந்த மொழி பேசினா என்ன?’ என்று தோன்றும். கியூபெக் ரசிகர்கள் தரப்பு வாதம் வேறு. கோச் என்பவர் தினமும் மீடியாவைச் சந்திப்பவர். தோற்றால் ஏன் தோற்றோம் என்று விளக்க வேண்டியவர். அந்த விளக்கத்தை எங்கள் மொழியில், எங்கள் ஊரில், எங்கள் அணியிடமிருந்து கேட்கக் கூடாதா என்பது அவர்கள் கேள்வி. கடல்போல் ஆங்கிலம் சூழ்ந்த ஒரு கண்டத்தில், பிரெஞ்சு இயல்பாக ஒலிக்கும் இடங்கள் ஒவ்வொன்றும் அவர்களுக்கு முக்கியம்.

எதிர்வாதமும் வலுவானது. திறமையான கோச்சுகள் பலரை மொழி என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கினால், மற்ற அணிகளோடு எப்படிப் போட்டியிடுவது? தவிர, மான்ட்ரியலே இன்று பிரெஞ்சு, ஆங்கிலம் என்ற இரண்டுக்குள் அடங்குவதில்லை. ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் உட்பட உலகின் பல பகுதிகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்து வளரும் நகரம் அது.

பின்லாந்துக்காரரான கேப்டன் சாக்கு கோய்வுவின் கதை, இந்த இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. 2001-ல் அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சை முடிந்து 2002 ஏப்ரலில் அவர் களத்துக்குத் திரும்பியபோது, அரங்கமே எழுந்து நின்று பல நிமிடங்கள் கைதட்டியது. அதே கோய்வு, இத்தனை ஆண்டுகள் இருந்தும் பிரெஞ்சு பேசவில்லை என்று 2007-ல் கடும் விமர்சனத்துக்கு ஆளானார். பாசமும் எதிர்பார்ப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

1993-க்குப் பிறகு ஏன் கோப்பை இல்லை?

1993-ல் கோல்கீப்பர் பாட்ரிக் ருவாவின் அபாரத்தால், கூடுதல் நேரத்துக்குச் சென்ற 10 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, வெய்ன் கிரெட்ஸ்கியின் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியை வீழ்த்தி 24-வது கோப்பையை எடுத்தார்கள்.

இரண்டே ஆண்டுகளில் சரிவு. 1995 டிசம்பர் 2 அன்று சொந்த மண்ணில் டெட்ராய்ட்டிடம் 11-1 எனத் தோல்வி. 9 கோல் விழும்வரை கோச் மரியோ ட்ரெம்ப்ளே, ருவாவை வெளியே எடுக்கவில்லை. அவமானப்பட்ட ருவா, வெளியே வந்ததும் நேராக கிளப் தலைவரிடம் சென்று, மான்ட்ரியலுக்காக ஆடும் கடைசி மேட்ச் இதுதான் என்று சொல்லிவிட்டார். நான்கு நாட்களில் கொலராடோவுக்கு அனுப்பப்பட்டார். அந்த கொலராடோ அணி எது? கனேடியன்ஸின் பரம வைரியாக இருந்து, அந்த ஆண்டுதான் கியூபெக் நகரை விட்டு இடம்பெயர்ந்த நார்டிக்ஸ். 1996-ல் ருவாவோடு அவர்கள் கோப்பையை வென்றார்கள். மான்ட்ரியல் ரசிகர்களுக்கு இரட்டை வலி.

ஆனால் ஒரு டிரேட் மட்டும் காரணமல்ல. 1967 வரை லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். இன்று 32. கியூபெக்கின் திறமைசாலிகளை வளைத்துப்போடும் பழைய வசதி, பொதுவான புதுமுகத் தேர்வு வந்ததும் போய்விட்டது. 2005 முதல் எல்லா அணிகளுக்கும் சம்பள உச்சவரம்பு. பணத்தாலும் செல்வாக்காலும் வெல்லும் காலம் முடிந்துவிட்டது. 2021-ல் இறுதிப்போட்டி வரை வந்து, டாம்பா பே அணியிடம் 4-1 என்ற கணக்கில் தொடரை இழந்தார்கள். கொரோனா கட்டுப்பாட்டால் உள்ளே 3,500 பேருக்குத்தான் அனுமதி. வெளியே தெருவெல்லாம் கூட்டம்.

அதே 2021-ல், மே 10 அன்று இன்னொரு ‘முதல்முறை’யும் நடந்தது. எட்மன்டனுக்கு எதிராகக் களமிறங்கிய கனேடியன்ஸ் அணியில், கியூபெக்கில் பிறந்த ஒரு வீரர்கூட இல்லை. 112 ஆண்டுகளில் அதுவரை நடக்காதது. கோச் பேசும் மொழி பற்றிய விவாதத்தை விட ஆழமான கேள்வியை அது எழுப்பியது: பனித்தரையில் ஒருவர்கூட நம்மவர் இல்லையென்றால், அது எந்த அளவுக்கு ‘நம்ம டீம்’?

அந்த ஆண்டு நவம்பரில், மாகாணத்தில் ஹாக்கி வளர்ச்சியை ஆராய அரசே ஒரு குழுவை அமைத்தது. 2022 பிப்ரவரியில், கியூபெக்கின் லவால் நகரில் பிறந்த முன்னாள் நட்சத்திரம் மார்ட்டின் சான் லூயி கோச் ஆனார்.

இப்போது?

2022 செப்டம்பரில் ஒன்டாரியோவைச் சேர்ந்த நிக் சுசுகி, 23 வயதில் கேப்டன் ஆனார். அணி வரலாற்றிலேயே மிக இளைய கேப்டன். அவர் முன் வந்த கேள்விகளில் ஒன்று எதிர்பார்த்ததுதான்: ‘பிரெஞ்சு தெரியுமா?’ கற்றுக்கொள்ளும் முயற்சியில் இருப்பதாகச் சொன்னார்.

கனேடியன்ஸ் வீரர்களின் உடைமாற்றும் அறைச் சுவரில், மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் மெக்ரேயின் முதல் உலகப் போர்க் கவிதையிலிருந்து ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. தளர்ந்த கைகள் அடுத்த தலைமுறைக்குத் தீப்பந்தத்தைக் கைமாற்றுவது பற்றியது அது. 1996 மார்ச்சில் ஃபோரம் அரங்கம் மூடப்பட்டபோது, பழைய கேப்டன்கள் நிஜமான தீப்பந்தத்தையே ஒருவருக்கொருவர் கைமாற்றினார்கள். அன்று 74 வயது ரிச்சர்ட் பனித்தரையில் கால்வைத்ததும் எழுந்த கைதட்டல், நிமிடக்கணக்கில் நிற்கவேயில்லை. அவர் கண்ணீரைத் துடைத்தபடி, போதும் என்று கையசைத்தார். கூட்டம் கேட்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து அவர் இறந்தபோது, கியூபெக் அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தியது. அணியின் அரங்கில் வைக்கப்பட்டிருந்த உடலுக்கு அஞ்சலி செலுத்த ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வரிசையில் நின்றார்கள். அவர் ஆடுவதை நேரில் பார்த்தே இராத இளைஞர்களும் அதில் இருந்தார்கள்.

கோப்பை எப்போது வரும் என்பது டிராஃப்ட்டையும், சம்பள உச்சவரம்பையும், அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. அந்தத் தீப்பந்தத்தை அடுத்து வாங்கும் கை எந்த ஊரைச் சேர்ந்தது, அது எந்த மொழி பேசும் என்பதை மான்ட்ரியல் இன்னும் பேசித் தீர்க்கவில்லை.